பர்ரேசியா: இறைவன் முன் பேசும் உரிமை பற்றிய ஒரு சொல்வரலாறு

எபிரெயர் நிருபத்தின் நான்காம் அதிகார இறுதி வசனம், இறைவனின் அரியணையை அணுகி வருமாறு நம்பிக்கையாளரை அழைக்கின்றது. எவ்வாறு அணுகுவது? ஹென்றி பவர் குழுவினர் உருவாக்கி 1871இல் நிறைவுற்ற மொழிபெயர்ப்பு 'தைரியமாய்' என்கின்றது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் 'துணிவுடன்' என்கின்றது. மலேசிய, சிங்கைத் தமிழ்த் திருச்சபைகளில் சீர்திருத்த மரபினர் முன்னதையும் கத்தோலிக்கர் பின்னதையும் பெரிதும் வாசிக்கின்றனர். இவ்விரு சொற்களும் மனநிலையைச் சுட்டுவன, அச்சத்துக்கு எதிர்ச்சொற்கள். மூலத்தில் நிற்கும் 'பர்ரேசியா' என்னும் கிரேக்கச் சொல்லோ மனநிலையைக் குறிக்கப் பிறந்ததன்று. அஃது ஓர் உரிமையின் பெயர். அவ்வுரிமை யாருக்குரியது என்ற வினா, கிறித்தவ வரலாற்றில் ஒருபோதும் முற்றாக ஓய்ந்ததில்லை என்பதே இக்கட்டுரையில் நாம் எடுத்துரைக்க விழையும் கருத்தாகும்.

'எல்லாம்', 'பேச்சு' என்னும் பொருளுடைய இரு கூறுகள் இணைந்த சொல் இது. மனத்திலுள்ளதை ஒளிக்காமல் சொல்லுதல் என்பது நேர்ப்பொருள். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸ் நகரத்தவரான யூரிப்பிடிஸின் நாடகங்களிலேயே இச்சொல் முதன்முதலில் காணக்கிடைக்கின்றது. அவருடைய 'அயோன்' நாடகத்தில், தந்தை கிடைத்துவிட்ட இளைஞன், தாயும் ஏதென்ஸ் குடிமகளாக இருக்கவேண்டுமென ஏங்குகிறான். தாய்வழியாகவே தனக்குப் பர்ரேசியா வரும் என்பது அவன் எண்ணம். 'ஃபொனீசியப் பெண்கள்' நாடகத்திலோ, நாடு கடத்தப்பட்டவனின் பெருந்துயரம் பர்ரேசியாவை இழப்பதே என்றும், நினைத்ததைச் சொல்ல இயலாமை அடிமையின் நிலை என்றும் பேசப்படுகின்றது. ஆக, குடிமகனுக்கு உண்டு. அந்நியனுக்கும் அடிமைக்கும் இல்லை. மிஷேல் ஃபூக்கோ 1983இல் பெர்க்லியில் ஆற்றிய சொற்பொழிவுகளுக்குப் பின்னர் இப்பகுதி ஆய்வுலகில் நன்கு அறிமுகமாகிவிட்டமையால் இங்கு விரித்துரைக்கவில்லை.

மன்றத்திற்குரிய சொல்லை இறைவன் திருமுன் கொண்டு சேர்த்தவர்கள் கிரேக்கம் பேசிய யூதர்களே. எபிரேய மறைநூலின் கிரேக்க மொழிபெயர்ப்பில், யோபு நூலில் இது இறைவனோடு உறவாடும் நிலையைக் குறிக்கின்றது. அலெக்சாந்திரியாவின் ஃபிலோ (கி.பி. 1ஆம் நூற்றாண்டு) ஆபிரகாமைப் பற்றி எழுதுகையில், பணியாள் தலைவனிடம் எப்போது மனந்திறந்து பேசக்கூடும் என்று வினவுகிறார். தலைவனுக்குத் தான் தீங்கேதும் இழைக்கவில்லை என மனச்சான்று அறிந்திருக்கும்போது என்பது அவர் விடை. பர்ரேசியா நட்பின் உறவினம் என்றும் அவர் கருதினார். (தம்பிரான் தோழராகிய சுந்தரர் தமிழ் வாசகருக்கு நினைவில் எழுவது இயல்பு. எனினும் அவ்வொப்பீடு தனிக்கட்டுரைக்கு உரியது.)

எபிரெயர் நிருபத்தின் புதுமை, ஃபிலோவின் நிபந்தனையை அருகில் வைத்துப் பார்க்கும்போதே புலப்படுகின்றது. எருசலேம் ஆலயத்தின் மகாபரிசுத்த இடத்தில் தலைமைக் குரு ஒருவர் மட்டுமே, ஆண்டில் பாவநிவாரண நாளில் மட்டுமே நுழையலாம் என்பது லேவியராகமம் விதித்த முறை. பெயர் தெரியாத இந்நிருப ஆசிரியர், அத்திரைக்கு அப்பால் நுழையும் பர்ரேசியாவைத் தம் வாசகர் அனைவருக்கும் உரியதாக்குகிறார். காரணமாக அவர் காட்டுவது வாசகரின் குற்றமற்ற மனச்சான்றை அன்று. மனித வலுவின்மையை உணர்ந்து இரங்கும் தலைமைக் குருவாகிய கிறிஸ்துவையே. நான்கு இடங்களில் அவர் இச்சொல்லை ஆள்கிறார். திருத்தூதர் பணிகள் நான்காம் அதிகாரத்திலோ, தம்மை 'அடிமைகள்' எனச் சொல்லிக்கொள்வோர் பர்ரேசியாவை வேண்டி மன்றாடுகின்றனர். ஏதென்ஸ் குடிமகன் ஒருவன் அவ்வேண்டுதலைக் கேட்டிருப்பின் முரண் என்றே சொல்லியிருப்பான். உண்மையாகவே அடிமைகளாயிருந்த பலரும் அத்திருச்சபைகளில் இருந்தனர் என்பதையும் நாம் மறத்தலாகாது.

இவ்விரிவு நிலைக்கவில்லை. 4ஆம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத் துறவியர் நடுவே இச்சொல் பழிச்சொல்லாகவும் மாறிற்று. சக துறவியரிடம் அளவிறந்த உரிமை எடுத்துக்கொண்டு பேசும் பர்ரேசியா, மரத்தின் கனியைக் கருகச் செய்யும் வெங்காற்றுக்கு நிகர் என அகத்தோன் என்னும் துறவி எச்சரித்ததாகத் தொகைநூல்கள் கூறும். மறுபுறம், பேரரசர் முன் அஞ்சாது பேசும் உரிமை மெய்யியலாரிடமிருந்து ஆயர்களுக்கு மாறியதைப் பீட்டர் பிரவுண் தம் 1992ஆம் ஆண்டு நூலில் விளக்கியுள்ளார். இறைவன் முன்னிலையிலும் இதை ஒத்த மாற்றம் நிகழ்ந்தது. மறைசாட்சியருக்கு இறந்த பின்னும் மிகுந்த பர்ரேசியா உண்டு, அவர்களை நாடுங்கள் என்று யோவான் கிறிசோஸ்தோம் மறையுரையாற்றினார். சாமானியர் தமக்காகப் பேசவல்லவரைத் தேடும் நிலை வளர்ந்தது. ஆயினும் கிழக்குத் திருச்சபையின் வழிபாட்டில், இறைவனைத் தந்தை என அழைக்கும் செபத்துக்கு முன் பர்ரேசியாவை வேண்டும் மன்றாட்டு இன்றளவும் நிற்கின்றது.

லத்தீன் வுல்காத்தா 'ஃபிடூசியா' என்றது. நம்பிக்கை வந்தது, பேச்சு மறைந்தது. மார்ட்டின் லூத்தர் 1517 ஏப்ரல் முதல் 1518 மார்ச் வரை விட்டன்பர்க்கில் பாடம் நடத்தியது இதே நிருபத்தைத்தான். பாவமன்னிப்புச் சீட்டுகளுக்கு எதிரான 95 கருத்துரைகள் இடையில், 1517 அக்டோபரில் எழுந்தன. நம்பிக்கையாளர் அனைவரும் குருக்களே என்னும் அவரது 1520ஆம் ஆண்டு வாதத்தை இந்நிருபத்தோடு சேர்த்துப் படிப்பதே பொருத்தமெனக் கருதுகிறோம். அவருடைய 1545 பதிப்பில் உள்ள 'ஃப்ரைடிக்கைட்' துணிவைக் குறித்தது. பின்வந்த பதிப்புகளில் அது 'ஃப்ராய்டிக்கைட்' எனத் திரிந்து, மகிழ்ச்சி என்ற பொருட்சாயலைப் பெற்றது!

அவ்வசனத்தின் அரியணைக்கு லூத்தர் இட்ட பெயர், உடன்படிக்கைப் பேழையின் பொன் மூடிக்கும் அவர் பயன்படுத்திய அதே சொல். பவர் மொழிபெயர்ப்பும் இரண்டையும் 'கிருபாசனம்' என்றே வழங்குகின்றது. 1714–15இல் தரங்கம்பாடியில் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட சீகன்பால்கும், 1772இல் தம் மொழிபெயர்ப்பை வெளியிட்ட ஃபபிரிசியுசும் செருமானிய லூத்தரன் மரபினர் என்பதைக் கருதுங்கால், இவ்வொற்றுமை தற்செயலானதாகத் தோன்றவில்லை. திருவிவிலியம் 'இரக்கத்தின் இருக்கை' எனவும் 'அரியணை' எனவும் அவற்றைப் பிரித்துவிட்டது.

தைரியம், துணிவு ஆகிய இரண்டிலும் பேச்சு இல்லை; உரிமையும் இல்லை. தமிழில் வேறு சொல் இல்லாமலில்லை. 'உரிமையோடு கேட்டாள்' என்னும் அன்றாட வழக்கில், கேட்கும் தகுதியும் நெருக்கமும் வாய்திறப்பும் ஒருங்கே அமைந்துள்ளன. வகுப்பறையில் இவ்வசனத்தை விளக்க நேரும் ஆசிரியருக்கு இவ்வழக்கு பெரிதும் உதவும். திருத்தூதர் பணிகளின் அடிமைகளோ பவர் மொழிபெயர்ப்பில் 'ஊழியக்காரர்' ஆயினர்; திருவிவிலியத்தில் 'அடியார்' ஆயினர். பின்னதில் அடிமைப்பொருள் வேரளவில் எஞ்சியிருப்பினும், பக்தி மரபில் பெருமைப் பெயராகிவிட்ட அச்சொல்லைப் படிக்கும் இன்றைய மாணவருக்கு, அங்கே வாய்திறக்க உரிமையற்றோர் அவ்வுரிமையைக் கேட்கின்றனர் என்பது தோன்றுவதில்லை.