வாலிகண்டபுரமும் வரலாற்று மாணவரும்

இளங்கலை மாணவரிடம் மூல ஆய்வை எதிர்பார்ப்பது மிகை என்பது நம் கல்விச் சூழலில் வேரூன்றிய கருத்து. தேர்வுக்குரிய பாடத்தைப் படித்தாற்போதும், ஆய்வெல்லாம் முனைவர் பட்டத்தோடு வரட்டும் என்பர். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களை நினைக்கையில் இதனை நாம் ஏற்பதற்கில்லை. அங்குள்ள மாணவர் அன்றாடம் பேருந்தில் கடந்து செல்லும் வழியிலேயே ஆய்வுக்களம் கிடக்கிறது.

வாலிகண்டபுரத்தை எடுத்துக்கொள்வோம். பிஜப்பூர் சுல்தானின் ஆளுநர் ஷேர்கான் லோடி ஆட்சி செலுத்திய ஊர் அது. பிரெஞ்சியர் புதுச்சேரியில் குடியமர இடமளித்தவர் அவரே. 1677இல் சிவாஜியிடம் தோற்று அதிகாரம் இழந்தார். புதுச்சேரி வரலாற்றில் ஓரிடத்தில் தோன்றி மறைபவராகவே நாம் அவரை அறிந்திருக்கிறோம்.

1751இல் இவ்வூர் மீண்டும் போர்க்களமாயிற்று. முஹம்மது அலிக்குத் துணைநின்ற ஆங்கிலேயர், சந்தா சாஹிபும் பிரெஞ்சியரும் எதிர்த்துவர, ரஞ்சன்குடிக் கோட்டையருகே நிலைகுலைந்து திருச்சிராப்பள்ளி நோக்கிப் பின்வாங்கினர். அப்படையில் கிளைவும் இருந்தார். ராபர்ட் ஓர்ம் 1763இல் வெளியிட்ட நூல் இதனை விரிவாகக் கூறுகிறது. ஆனால் அந்நூலில் வாலிகண்டபுரத்தைத் தேடும் மாணவர் ஏமாந்து போவார். அங்கு அது 'வால்கொண்டா'! இப்பெயர்த் திரிபைக் கண்டுகொள்வதே ஆய்வின் முதற்படி.

கோட்டைத் தலைவர் எப்பக்கமும் உறுதியாகச் சாராமல் காலங்கடத்தினார் என்பது ஓர்மின் கூற்று. ஆங்கிலேயர் பார்வையில் அது ஊசலாட்டம். இரு பெரும்படைகளுக்கிடையே சிக்கிய ஒருவருக்கு அதுவே கோட்டையையும் குடிகளையும் காக்கும் வழியாக இருந்திருக்கலாகாதா? இலண்டன் ஆவணங்களை மட்டும் புரட்டுவோரைவிட இவ்வினாவை எழுப்பும் தகுதி உள்ளூர் மாணவருக்கு மிகுதி. அவர் பாறைமீதேறிப் பார்க்கலாம். சமவெளி எதுவரை தெரிகிறது, நீர் எங்குள்ளது, படைகள் வந்த திசை எது என ஓர்மின் வருணனையைத் தரையோடு ஒப்பிடலாம். வரைபடம் ஒன்றும் பத்துப் பக்கங்களும் எழுதினாலும் அது பிறர் நூலின் சுருக்கமாகாது, மூல ஆய்வே ஆகும். மதிப்பெண் வழங்கும் ஆசிரியர்கள்தாம் இதற்கு மனம்வைக்க வேண்டும்.

லெப்பைக்குடிகாடு போன்ற ஊர்களிலிருந்து வரும் மாணவருக்கு வேறொரு வாயிலும் உண்டு. பாட்டனார் பெட்டியில் அரபுத்தமிழ்க் கடிதமோ, நிலப்பத்திரமோ, பள்ளிவாசலில் பழைய நிக்காஹ் பதிவேடோ இருப்பின், வீடு இடித்துக் கட்டப்படும் முன்னரே அவற்றைப் படமெடுத்து வைப்பது நலம். அவ்வெழுத்தைத் தடையின்றிப் படிக்கும் முதியோர் அருகிவிட்டனர். அவர்களருகே அமர்ந்து ஓர் ஏட்டையேனும் பெயர்த்தெழுத ஒரு கோடை விடுமுறை போதும்.