காவிரி டெல்டாவில் அபாயகரப் பொருள்களின் சாலைப் போக்குவரத்து

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் எரிபொருள், எரிவாயு, குளோரின், பூச்சிமருந்து போன்றவற்றைச் சாலை வழியே கொண்டுசெல்வதற்கெனத் தனிச் சட்டம் எதுவும் இல்லை. நாடு முழுமைக்குமான மத்திய விதிகளே இங்கும் செல்லும். ஆனால் ஆற்றங்கரையும் வாய்க்கால் கரையும் சாலையாக இருக்கும் நிலம் இது. வண்டியிலிருந்து சிந்துவது பாசன நீரில் கலந்து வயலை அடைய அதிக நேரம் ஆகாது.

சட்ட அடிப்படை

மோட்டார் வாகனச் சட்டம், 1988, அதன்கீழ் வந்த மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989 ஆகியவை வண்டிக்கும் ஓட்டுநருக்கும் உரியவை. சரக்கைப் பொறுத்து பெட்ரோலிய விதிகள் (2002), வெடிபொருள் விதிகள் (2008), எரிவாயு உருளை விதிகள் (2016), பூச்சிக்கொல்லி விதிகள் (1971) ஆகியவையும் சேரும். பெட்ரோலியம், வெடிபொருள், அழுத்தக் கலன்களுக்கு உரிமம் வழங்குவது நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு.

வண்டியும் ஓட்டுநரும்

மத்திய மோட்டார் வாகன விதி 134இன்படி, டேங்கர் லாரியின் இரு பக்கங்களிலும் பின்புறத்திலும் அவசரத் தகவல் பலகை இருக்க வேண்டும். சரக்கின் பெயர், ஐ.நா. எண், அபாய வகைச் சின்னம், அனுப்புநரின் தொலைபேசி எண், அவசர உதவி எண் ஆகியவை அதில் இடம்பெறும். சமையல் எரிவாயுவுக்கு 1075, பெட்ரோலுக்கு 1203, டீசலுக்கு 1202, குளோரினுக்கு 1017 என்பவை ஐ.நா. எண்கள்.

ஓட்டுநருக்கு ஓர் இந்திய மொழியும் ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். மூன்று நாள் சிறப்புப் பயிற்சி பெற்று, உரிமத்தில் அதற்கான மேற்குறிப்பையும் வாங்க வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பின் இந்த உரிமம் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். அனுப்புநர் எழுத்தில் தரும் பாதுகாப்புக் குறிப்புகளை ஓட்டுநர் தம் கேபினில் வைத்திருப்பது கட்டாயம்.

டெல்டாவின் சரக்குகள்

கச்சா எண்ணெய்: நாகப்பட்டினம் மாவட்டப் பனங்குடியில் 1993இல் இயங்கத் தொடங்கிய சுத்திகரிப்பு ஆலையும் ஓ.என்.ஜி.சி. கிணறுகளும் இப்பகுதிக்கு எண்ணெய் லாரிகளைக் கொண்டுவந்தன. 2020ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளைத் தடுக்கிறது. அதற்கு முன்பே நடந்துவரும் பணிகளையும் சாலை, குழாய்ப்பாதை போன்ற கட்டமைப்புகளையும் அது தொடவில்லை.

டீசல்: அறுவடை இயந்திரத்துக்கும் பம்புசெட்டுக்கும் கேன்களில் டீசல் போவது இங்கே அன்றாடக் காட்சி. பெட்ரோலியச் சட்டம், 1934இன்படி 2,500 லிட்டர் வரை டீசல் கொண்டுசெல்ல உரிமம் வேண்டியதில்லை. ஆனால் எந்தக் கலமும் 1,000 லிட்டருக்கு மேற்பட்டதாக இருக்கக் கூடாது. பெட்ரோல் விற்பனைக்கு அல்லாமல் இருந்தால் வரம்பு 30 லிட்டர் மட்டுமே.

அலுமினியம் பாஸ்பைடு: நெல், அரிசிக் கிடங்குகளில் புகைமூட்டப் பயன்படும் மாத்திரை. ஈரம் பட்டால் நச்சு வாயுவான பாஸ்பீனை வெளியிடும். ஈரத்தில் ஆபத்தாகும் 4.3 வகையில் இது வருகிறது (ஐ.நா. எண் 1397). சம்பா நெல் வளரும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இதை நனையாமல் கொண்டுசேர்ப்பதே முதன்மையான பாதுகாப்பு.

பூச்சிமருந்து: உணவுப்பொருளும் கால்நடைத் தீவனமும் மருந்தின்மேல் படும்படி ஏற்றக் கூடாது என்கிறது பூச்சிக்கொல்லி விதி 35. தவிட்டு மூட்டையும் மருந்துப் பெட்டியும் ஒரே சரக்கு ஆட்டோவில் ஏறும் ஊர்களில் இவ்விதி பெரும்பாலும் அறியப்படாதது. யூரியா இந்த அபாய வகைகள் எதிலும் சேராது.

உள்ளூர்க் கட்டுப்பாடுகள்

சாலை அல்லது பாலத்தின் தன்மையையோ பொதுமக்கள் பாதுகாப்பையோ கருதி, குறிப்பிட்ட வகை வண்டிகளைத் தடுக்கவோ கட்டுப்படுத்தவோ மோட்டார் வாகனச் சட்டத்தின் 115ஆம் பிரிவு மாநில அரசுக்கும் அது அதிகாரம் அளித்தவர்களுக்கும் இடம் தருகிறது. ஒரு மாதத்துக்கு மிகாத தடைக்கு அரசிதழ் அறிவிப்பு வேண்டாம். உள்ளூரில் விளம்பரப்படுத்தினால் போதும். திருவிழாக் காலங்களிலும் பழுதுற்ற பாலங்களிலும் லாரிகளைத் திருப்பிவிடுவதற்கு இப்பிரிவு பயன்படும். டெல்டாவை ஒட்டிய காரைக்கால் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது என்பதால், அதன் எல்லைக்குள் இந்த அதிகாரம் வேறு நிர்வாகத்திடம் உள்ளது.

விபத்தும் பொறுப்பும்

விபத்து நேர்ந்தால் ஓட்டுநர் அருகிலுள்ள காவல் நிலையத்துக்கும் வண்டி உரிமையாளருக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். 2025 சனவரி 3 அன்று கோயம்புத்தூர் அவிநாசி சாலை மேம்பாலத்தில் சமையல் எரிவாயு டேங்கர் கவிழ்ந்து வாயு கசிந்தபோது, சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டு, தண்ணீரைப் பீய்ச்சியடித்தபடியே கசிவை அடைத்தார்கள். எரிவாயுவுக்குக் கைகொடுத்த இந்த முறை டெல்டாவில் எண்ணெய்க்கோ பூச்சிமருந்துக்கோ பொருந்தாது. கழுவிவிடும் நீர் வாய்க்காலில்தான் இறங்கும். மருந்து கசிந்தால் மண்ணும் நீரும் கெடாமல் காக்க வேண்டிய பொறுப்பை விதி 35 போக்குவரத்து நிறுவனத்தின்மீதே சுமத்துகிறது.

அபாயகரச் சரக்கு விதிகளை மீறினால், 2019 திருத்தத்தின்படி முதல் முறை 10,000 ரூபாய் அபராதமும் மூன்று மாத உரிமத் தகுதியிழப்பும், அல்லது ஓராண்டு வரை சிறையும் விதிக்கலாம். எரிவாயுக் கசிவைத் தெரிவிக்க 1906, பொது அவசர உதவிக்கு 112 ஆகிய எண்களை அழைக்கலாம். பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம், 1991இன்கீழ், விபத்தில் பாதிக்கப்பட்டவர் யாருடைய தவறு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. ஐந்து ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் நிவாரணம் கோரி விண்ணப்பிக்கலாம்.