சில்லுக்குள்ள மோட்டார்: பழைய யோசனை, பழைய பாரம்

2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற ஊர் இது. அதுக்குப் பிறகு கல்முனையில மின்சார ஸ்கூட்டரைப் பார்த்து யாரும் சிரிக்கிறதில்ல. அந்த ஸ்கூட்டர்கள் பலதுல மோட்டார் பின்சில்லின் நடுவிலேயே இருக்கும். செயின் இல்ல, பெல்ட் இல்ல. பார்க்கப் புதுசு மாதிரித் தெரியும். ஆனா இந்த யோசனைக்கு 120 வயசு தாண்டிட்டு.

1900ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் வியன்னாவின் லோனர் கம்பனி ஒரு மின்சாரக் காரைக் காட்சிக்கு வைத்தது. வடிவமைத்தவர் ஃபெர்டினாண்ட் போர்ஷே. அப்போ அவர் இருபதுகளின் நடுவில், கிட்டத்தட்ட நம்ம வயசு. முன்சில்லு இரண்டுக்குள்ளும் மோட்டார். பற்றரி மட்டுமே 400 கிலோவுக்கு மேல். பெற்றோல் கார் மலிவானதும் இந்த வகை ஒதுங்கிப் போச்சு.

பற்றரி மட்டும்தான் சிக்கல் என்று நினைக்க வேணாம். பாரம் எவ்வளவு என்கிறதைப் போலவே, அது எங்க இருக்கு என்கிறதும் முக்கியம். அஞ்சு கிலோவை முதுகுப் பையில போட்டு ஓடுறதும், காலில கட்டிக்கிட்டு ஓடுறதும் ஒண்டா? காரிலும் ஸ்ப்ரிங்குக்கு மேல இருக்கிற பாரம் வேற, கீழ இருக்கிற பாரம் வேற. பள்ளம் வந்தா சில்லு மட்டும் சட்டென்று இறங்கி ஏறணும், மேல இருக்கிறவங்களுக்குத் தெரியக் கூடாது. சில்லு பாரமானா துள்ளத் தொடங்கினதை ஸ்ப்ரிங் லேசில அடக்காது. குலுக்கல் முதுகுக்கு வரும். அதைவிட மோசம், டயர் ரோட்டை விட்டு எழும்புற அந்தக் கணத்தில் பிரேக்கும் பிடிக்காது, வளைக்கவும் ஏலாது.

மெதுவாப் போனா இது பெருசாத் தெரியாது. 1971இல் அப்பலோ 15 கொண்டுபோன நிலவு வண்டியின் நாலு சில்லுக்கும் தனித்தனி மோட்டார்தான். ஆனா அதன் வேகம் நம்ம சைக்கிள் அளவு.

தமிழ்நாட்டு ஓசூரில் இதுக்கு ரெண்டு பதில் இருக்கு. டிவிஎஸ் ஐக்யூப் மோட்டாரைச் சில்லுக்குள்ள வைக்குது. ஏதர் அதை வண்டியின் உடம்பில் வைத்து பெல்ட்டால் சில்லைச் சுழற்றுது. முதலாவதில் தேய்கிற பாகம் குறைவு, ரெண்டாவதில் சில்லு இலேசு.

காரைப் பொறுத்தவரை, இங்கிலாந்தின் லோட்டஸ் பொறியியலாளர்கள் ஒவ்வொரு சில்லிலும் 30 கிலோ கூட்டிப் பார்த்தாங்க. வித்தியாசம் தெரிந்தது, ஆனா ஸ்ப்ரிங்கையும் டேம்பரையும் மாற்றிப் பெரும்பகுதியைச் சரிக்கட்டலாம் என்று 2010இல் எழுதினாங்க. அதோட, ஒவ்வொரு சில்லையும் தனியாக் கட்டுப்படுத்தினா வளைவில் கார் நல்லாவே திரும்பும். எனக்கு இது நியாயமான வாதமாத்தான் படுது, ரோடு ஓரளவு ரோடாக இருக்கிற வரைக்கும்.

நம்ம பக்கம் ஏ4 கார்ப்பட் வீதி வழுக்கிக்கொண்டு போகுது. அதில இருந்து கடற்கரைப் பக்கம் திரும்பினா மணல், குழி, மாரி காலத்தில் முழங்காலளவு தண்ணி. தண்ணி முதல்ல தொடுறதும் அந்தச் சில்லைத்தான்.

வாங்கப் போறீங்களா? கடை வாசல் கார்ப்பட்டில் ஓட்டிப் பார்த்தது போதாது. பின்னால ஒருத்தரை ஏத்திக்கிட்டு, உங்க ஒழுங்கைக்குள்ள ஒருக்கா ஓட்டிப் பார்க்கக் கேளுங்க.