சீனியும் வருத்தமும்: ஒரு நோயின் மனவரலாறு

யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கில் 'வருத்தம்' என்றால் நோய். ஒருவருக்கு வருத்தம் என்று கேள்விப்பட்டால் தோடம்பழம் வாங்கிக்கொண்டு அவரைப் பார்க்கப் போவோம். தமிழகத்தவருக்கோ அதே சொல் மனத்துயரையே முதலில் நினைவூட்டும். நம்மவர்கள் சலரோகம் என்று சொல்லும் நீரிழிவுக்குச் 'சீனி வருத்தம்' என்றும் ஒரு பெயர் உண்டு. உடலின் நோயும் உள்ளத்தின் நோவும் ஒரே சொல்லுக்குள் அருகருகே இருக்கின்றன. இவ்விரண்டையும் ஒருசேரப் பார்ப்பதற்கு மேலை மருத்துவம் 300 ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டது. அந்தக் கதையை அறிந்துகொண்டால், இந்த நோயோடு வாழ்பவர்கள் சுமக்கும் குற்றவுணர்வு எங்கிருந்து வந்தது என்பதும் ஓரளவு விளங்கும்.

சிறுநீர் இனிப்பதை இந்திய மருத்துவம் மிகப் பழைய காலத்திலேயே அறிந்திருந்தது. சரகர், சுசுருதர் பெயர்களால் வழங்கும் நூல்கள் இதனை 'மதுமேகம்' என்று குறித்தன. ஐரோப்பாவில் அந்த இனிப்பை அழுத்தமாகப் பதிவு செய்தவர் இங்கிலாந்து வைத்தியர் தோமஸ் வில்லிஸ். 1674, 1675ஆம் ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக வெளிவந்த தமது நூலில், நோய்க்கான காரணங்களாக மிதமிஞ்சிய மதுவையும் தவறான வாழ்க்கை முறையையும் சொன்ன அவர், நீண்டகாலத் துயரத்தையும் அவற்றோடு சேர்த்தார். மூளையையும் நரம்புகளையும் பற்றி அக்காலத்தில் ஆழமாக ஆராய்ந்தவர் அவர். ஆதலால் துயரத்தை அவர் வெறும் கவிஞர் கற்பனையாகக் கருதியிருக்க முடியாது. ஆனால் அதனை நிறுவுவதற்கு அவரிடம் சான்று எதுவும் இருக்கவில்லை.

ஒரு சான்று போலத் தோன்றியது 1849இல் கிடைத்தது. பிரெஞ்சு உடலியல் அறிஞர் குளோட் பெர்னார்ட், முயலொன்றின் மூளையடியில் குறிப்பிட்ட ஓரிடத்தை ஊசியால் குத்தியபோது அதன் சிறுநீரில் சீனி தோன்றியது. நரம்பு மண்டலத்திற்கும் சீனிக்கும் தொடர்பு உண்டு என்பது உறுதியாயிற்று. அதன் பின்னர் நீரிழிவை ஒருவகை நரம்புக் கோளாறாகக் காணும் போக்கு வலுவடைந்தது. பைத்தியம் காணப்படும் குடும்பங்களில் நீரிழிவும் அடிக்கடி தலைகாட்டுகிறது என்று பிரித்தானிய மனநோய் மருத்துவர் ஹென்றி மோட்ஸ்லி 1879இல் எழுதினார். ஒரு நோயாளியின் மீது மட்டுமன்றி அவருடைய குலத்தின் மீதே கறை பூசும் கருத்து அது.

பத்தாண்டுகள் கழித்து, 1889இல், ஸ்ராஸ்பேர்க் நகரில் மேரிங், மின்கோவ்ஸ்கி என்ற இரு ஆய்வாளர்கள் நாயொன்றின் கணையத்தை அகற்றினார்கள். அந்த நாய்க்குக் கடுமையான நீரிழிவு ஏற்பட்டது. நோயின் இருப்பிடம் மூளையன்று, கணையமே என்பது அதனால் தெளிவாயிற்று. மனத்தைப் பற்றிய பேச்சு இத்துடன் முடிந்திருக்க வேண்டும். ஆனால் முடியவில்லை, முடியாததற்கு நியாயமும் இருந்தது.

அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் வோல்டர் கனன் என்ற உடலியல் பேராசிரியர், கட்டிவைக்கப்பட்டு அச்சமுற்ற பூனைகளின் சிறுநீரில் சீனி தோன்றுவதை 1911இல் வெளியிட்டார். அதிரீனல் சுரப்பிகள் அகற்றப்பட்ட பூனைகளில் அது தோன்றவில்லை. மனிதரிலும் இதைச் சோதித்தார்கள். ஹாவார்ட் காற்பந்தாட்ட அணியினர் 25 பேரை அவர்களுடைய மிக முக்கியமான ஆட்டத்தின் பின்னர் பரிசோதித்தபோது 12 பேரின் சிறுநீரில் சீனி இருந்தது. அந்தப் பன்னிருவரில் 5 பேர் மைதானத்தில் இறங்கவே இல்லை. மாற்று ஆட்டக்காரர்களாக ஓரத்தில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்! கடினமான பரீட்சை ஒன்றை எழுதிய மருத்துவ மாணவர்கள் 9 பேரில் 4 பேருக்கும் அவ்வாறே நிகழ்ந்தது.

கனன் கண்டது உண்மை. அச்சமும் கோபமும் எழும்போது அதிரினலின் முதலான சுரப்புகள் ஈரலில் சேமிக்கப்பட்டிருக்கும் சீனியை இரத்தத்தில் கலக்கச் செய்கின்றன. ஓடவோ போராடவோ உடல் ஆயத்தமாகிறது. கணையம் நல்ல நிலையில் இருப்பவருக்கு அந்த ஏற்றம் சற்று நேரத்தில் தணிந்துவிடும். அந்த ஆட்டக்காரர்களோ மாணவர்களோ அதனால் நீரிழிவு நோயாளிகள் ஆகிவிடவில்லை. கணையம் தளர்ந்தவருக்குத்தான் அதே ஏற்றம் எளிதில் இறங்காது. துயரம் நோயைப் படைக்கிறது என்பது வேறு. நோயுள்ளவரின் சீனியைத் துயரம் உயர்த்துகிறது என்பது வேறு. இந்த வேறுபாட்டை மறந்ததனால் விளைந்த தீமை சிறிதன்று.

இன்சுலின் வருவதற்கு முந்திய ஆண்டுகளில், நோயாளியின் மனம் மருத்துவர்களுக்கு வேறொரு வகையில் முக்கியமாயிற்று. அக்காலத்தில் இருந்த ஒரே வழி பட்டினி. அமெரிக்க வைத்தியர் பிரெடெரிக் அலன் உணவை மிகக் கடுமையாகக் குறைத்து நோயாளிகளின் ஆயுளைச் சில மாதங்களோ சில ஆண்டுகளோ நீட்டினார். அவருடைய நோயாளிகளில் 12 வயதுச் சிறுவன் ஒருவன், நோயினால் பார்வையையும் இழந்தவன். எழுந்து நடக்கவே வலுவற்ற அவனுடைய சிறுநீரில் சீனி காணப்பட்டபோது வைத்தியர்கள் குழம்பினார்கள். விசாரித்துப் பார்த்ததில், பற்பசையையும், தான் கேட்டு வாங்கிய கனேரிக் குருவியின் கூட்டிலிருந்த தானியத்தையும் அவன் தின்றிருப்பது தெரியவந்தது. நெடுநேரம் மறுத்த பின்னரே அவன் அதனை ஒப்புக்கொண்டான். பின்னர் இறந்தும் போனான். பசித்த பிள்ளை ஒன்று தானியம் தின்றது 'களவு' என்றும், அது உண்மை சொன்னது 'ஒப்புதல் வாக்குமூலம்' என்றும் பார்க்கப்பட்ட காலம் அது. 'கட்டுப்பாடு', 'மீறல்', 'ஏமாற்றுதல்' என்று பொலிஸ் நிலையத்துக்குரிய சொற்கள் இந்த நோயின் மொழிக்குள் குடியேறின.

1922 ஜனவரி 11ஆம் திகதி ரொறன்ரோவில் லெனாட் தொம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஏற்றப்பட்டது. அந்த மருந்து அவ்வளவாகப் பயன் தரவில்லை. சுத்திகரிக்கப்பட்ட மருந்தை 23ஆம் திகதி ஏற்றியபோது சீனி இறங்கியது. அவ்வாண்டு ஓகஸ்டில் எலிசபெத் ஹியூஸ் என்ற சிறுமி அங்கு கொண்டுவரப்பட்டாள். அன்றைய அமெரிக்க இராஜாங்கச் செயலாளரின் மகள் அவள். அலனின் உணவுத்திட்டத்தில் மூன்று ஆண்டுகள் உயிர் தாங்கியிருந்த அவளுடைய எடை 45 இறாத்தல் மட்டுமே. இன்சுலினால் உயிர் பிழைத்த அவர் பட்டம் பெற்றார், மணம் முடித்தார், பிள்ளைகளைப் பெற்றார், ஏறத்தாழ 42,000 ஊசிகள் ஏற்றிக்கொண்டு 73 வயது வரை வாழ்ந்து 1981இல் காலமானார். ஆனால் அந்த நீண்ட வாழ்வில் தமக்கு இந்த நோய் இருப்பதை மிக நெருங்கிய சிலரைத் தவிர அனைவரிடமிருந்தும் அவர் மறைத்தே வாழ்ந்தார். மருந்து உயிரைத் தந்தது. நோயை வெளியே சொல்லும் துணிவை எந்த மருந்தும் தரவில்லை.

இதற்கு நேர்மாறான வழியைத் தேர்ந்தவர் ஆர். டி. லோறன்ஸ் என்ற பிரித்தானிய வைத்தியர். 1920இல் தமக்கு நீரிழிவு என்று அறிந்த அவர், வீட்டார் கண்முன் சாக விரும்பாமல் இத்தாலியின் புளோரன்ஸ் நகருக்குச் சென்றுவிட்டார். 1923இல் இன்சுலின் கிடைத்திருக்கிறது என்ற செய்தி எட்டியதும் இலண்டனுக்குத் திரும்பி உயிர் பிழைத்தார். தாமும் ஒரு நோயாளி என்பதை மறைக்காத அவர், இதே நோயைக் கொண்டிருந்த எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸுடன் இணைந்து 1934இல் நீரிழிவாளர் சங்கத்தை அமைத்தார். நோயாளி தனித்தவர் அல்லர் என்ற எண்ணமும் ஒரு மருந்துதான் என்பதை அந்தச் சங்கம் உணர்த்தியது.

பொஸ்ரன் நகரின் புகழ்பெற்ற நீரிழிவு வைத்தியர் எலியட் ஜொஸ்லின், நோயாளியே தமது நோயைக் கற்றுத் தேர வேண்டும் என்று வலியுறுத்தி 1918இலேயே அவர்களுக்கென ஒரு கைநூல் எழுதியவர். உணவு, இன்சுலின், உடற்பயிற்சி என்னும் மூன்று குதிரைகள் பூட்டிய தேருக்கு அவர் நீரிழிவுச் சிகிச்சையை ஒப்பிட்டார். அழகான உவமை. ஆனால் குதிரைகளைப் பற்றி அவ்வளவு பேசிய மருத்துவம், தேரோட்டிக்கும் களைப்பு வரும், அச்சம் வரும் என்பதை நெடுங்காலம் எண்ணிப் பார்க்கவில்லை.

எண்ணிப் பார்க்க முற்பட்டவர்களோ பெரும்பாலும் குற்றம் காணவே முற்பட்டார்கள். 1930களில் உளப்பகுப்பாய்வின் செல்வாக்கு ஓங்கியிருந்த அமெரிக்காவில், வில்லியம் மெனிஞ்சர் முதலானோர் நீரிழிவு தோன்றுவதற்கான உளவியற் காரணங்களைத் தேடினார்கள். நீரிழிவாளருக்கென ஒரு தனிக் குணம் உண்டு என்ற எண்ணம் பரவிற்று. முறையான ஆய்வுகள் அத்தகைய குணம் எதையும் உறுதிப்படுத்தவில்லை. 1970களில் பிலடெல்பியாவில் சல்வடோர் மினுச்சின் என்ற குடும்ப சிகிச்சை நிபுணர், சீனி அடிக்கடி கட்டுமீறி வைத்தியசாலையில் சேர்க்கப்பட்ட பிள்ளைகளை ஆராய்ந்து, அவர்களுடைய குடும்ப உறவுகளின் சிக்கலே அதற்குப் பின்னணி என்றார். அதில் ஓரளவு உண்மை இருந்திருக்கலாம். ஆனால் பெற்றோரின் தலையில் இன்னொரு பாரம் ஏறியது.

1997இல் ஸ்கொட்லாந்திலிருந்து வெளியான ஓர் ஆய்வு இந்தப் புதிருக்கு வேறு ஒளி தந்தது. இன்சுலின் ஏற்றும் இளம் வயதினர் 89 பேரை ஆராய்ந்தபோது, அவர்களில் 25 பேர் தமக்கு விதிக்கப்பட்ட அளவைவிடக் குறைந்த மருந்தையே மருந்தகத்திலிருந்து பெற்றிருந்தமை தெரியவந்தது. மருந்து குறைந்தவர்களுக்கே ஆபத்தும் மிகுந்திருந்தது. அப்படியானால் கேட்க வேண்டிய கேள்வி 'இவர்களின் குணம் என்ன?' என்பதன்று, 'ஏன் ஊசியை விட்டார்கள்?' என்பதே. உடல் பருத்துவிடுமோ என்ற அச்சம், நண்பர்கள் முன்னிலையில் வெட்கம், ஒரு நாளும் ஓய்வில்லாத கடமையின் சலிப்பு என்று விடைகள் பலவாக இருக்கும். சீனி திடீரெனத் தாழ்ந்துவிடுமோ என்ற பயமும் அவற்றில் ஒன்று. சீனி தாழும்போது கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், உடல் வியர்க்கும். அச்சத்தின் அறிகுறிகளும் இவையே, ஏனெனில் இரண்டிலும் சுரப்பது அதே அதிரினலின். ஒருமுறை அதை அனுபவித்தவர், அது மீண்டும் வராதிருக்க வேண்டுமென்றே சீனியைச் சற்று உயரத்தில் வைத்திருப்பதுண்டு. வெளியிலிருந்து பார்ப்பவர் அதனை அலட்சியம் என்பார்.

1993இல் 1441 பேர் பங்குபற்றிய வட அமெரிக்கப் பேராய்வு ஒன்று நிறைவுற்றது. முதலாம் வகை நீரிழிவில் சீனியை இறுக்கமாகக் கட்டுப்படுத்தினால் கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றின் பாதிப்பை வெகுவாகக் குறைக்கலாம் என்பதை அது நிறுவியது. நற்செய்திதான். ஆயினும் நாளாந்தச் சுமை கூடிற்று. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை பலருக்குப் பரீட்சைப் பெறுபேறு போல் ஆகிவிட்டது.

இந்தப் பின்னணியில் 1995இல், ஜொஸ்லினின் பெயர் தாங்கிய அதே பொஸ்ரன் நிலையத்தில், உளவியலாளர் வில்லியம் பொலோன்ஸ்கியும் சகாக்களும் 20 கேள்விகள் கொண்ட வினாக்கொத்து ஒன்றை உருவாக்கினார்கள். நோயோடு வாழ்வதில் எது உங்களை வாட்டுகிறது என்பதே அதன் சாரம். நோயாளி சொன்னபடி நடந்தாரா என்று விசாரிக்காமல், அவருக்கு எங்கே வலிக்கிறது என்று கேட்டது அது. இதனை இன்று 'நீரிழிவுத் துன்பம்' என்கிறார்கள். இது மனநோயன்று, கனத்த சுமையைத் தூக்குபவருக்கு இயல்பாக வரும் களைப்பு. 2001இல் இந்தியா உட்பட 13 நாடுகளில் 5000க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், நோய் இருப்பது தெரியவந்த வேளையில் மிகுந்த மனத்துன்பம் அடைந்ததாக ஐவரில் நால்வருக்கு மேல் கூறினார்கள்.

அப்படியானால் வில்லிஸ் சொன்னது முற்றிலும் பொய்யா? அதுவுமன்று. பல ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் வெளிவந்த கட்டுரையொன்று, மனச்சோர்வு உள்ளவர்களுக்குப் பிற்காலத்தில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு ஏறத்தாழ 60 சதவீதம் கூடுதல் என்றும், நீரிழிவு உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு ஏறத்தாழ 15 சதவீதம் கூடுதல் என்றும் கணித்தது. பாதை இருவழிப் பாதை. ஆனால் மரபு, வயது, உடற்பருமன், உணவு, உழைப்பின்மை எனப் பல காரணிகளுக்கிடையே மனச்சோர்வும் ஒன்றே தவிர, அது மட்டும் ஒருவரை நோயாளி ஆக்கிவிட்டது என்று யாரையும் சுட்டிச் சொல்ல முடியாது.

2017இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் நீரிழிவுக் கல்வியாளர் அமைப்பும் இணைந்து, இந்த நோயைப் பற்றிப் பேசும் மொழியையே மாற்ற வேண்டும் என்று அறிவுறுத்தின. பழி சுமத்தும் சொற்களும் அதிகாரத் தொனியும் நோயாளியைச் சிகிச்சையிலிருந்து விலக்குகின்றன என்பதே அதற்குக் காரணம். குருவியின் தானியத்தைத் தின்ற பார்வையற்ற சிறுவனுக்கு ஒரு நூற்றாண்டு தாமதமாக வந்த நீதி என்று இதனைக் கொள்ளலாம்.

நம் வீடுகளில் அந்த நீதி இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை. தமிழர் எங்கு வாழ்ந்தாலும் சலரோகம் அவர்களுக்குப் புதியதன்று. ஆனால் கலியாணம் பேசும் இடத்தில் அது மறைக்கப்படுகிறது. கிளினிக் நாளுக்கு ஒரு வாரம் முன்னதாக வாயைக் கட்டுவதும், எண் கூடியிருக்கும் என்ற பயத்தில் போகாமலே விடுவதும் நாம் அறியாதவை அல்ல. விருந்தில் ஒரு துண்டு கேக்கை எடுத்த பெரியவரைப் பத்துப் பேர் முன்னிலையில் மகனோ மருமகளோ கடிந்துகொள்வது அன்பினால்தான். ஆனால் கடிந்துகொள்ளப்பட்டவர் அதற்குப் பின்னர் உண்பதை நிறுத்துவதில்லை. மற்றவர் காண உண்பதையே நிறுத்துகிறார். மறைவாக உண்பவர் தமது சீனியின் அளவையும் மறைப்பார், காலில் வந்த புண்ணையும் மறைப்பார். உயிருக்கு உலை வைப்பது அந்தக் கடைசி மறைப்புத்தான்.

'கவலைப்படாதீர்கள்' என்ற அறிவுரையை எமது பத்திரிகைகளின் சுகாதாரப் பக்கங்கள் தாராளமாக வழங்கி வந்திருக்கின்றன. கவலைப்படுவதும் நோயாளியின் குற்றமே என்ற பொருள் அதற்குள் ஒளிந்திருக்கிறது. அதைவிட, 'இன்றைக்கு உங்களுக்கு எது கஷ்டமாக இருந்தது?' என்று வீட்டிலே ஒருவர் கேட்பது மேல். பரிசோதனைச் சீட்டில் உள்ள எண் ஒரு தகவல். அது எவருடைய நடத்தைக்கும் வழங்கப்பட்ட தீர்ப்பன்று. அதனைத் தகவலாகப் பார்க்கும் வீட்டில்தான் நோயாளி உண்மை சொல்வார். உண்மை தெரிந்தால்தான் வைத்தியரால் மருந்தைச் சரியாகத் தர முடியும்.