கண்ணாடிக் கோபுரமும் கிடுகு வேலியும்

ஒரு சுவர் எதைத் தடுக்கிறது, எதை உள்ளே விடுகிறது என்பதைக் கொண்டே அச்சுவர் எந்த மண்ணுக்குரியது என்று பெரும்பாலும் அறிந்துவிடலாம். தென்மராட்சியின் கொடிகாமத்தில், தென்னஞ்சோலைகளுக்கும் மா, பலா மரங்களுக்கும் இடையே அமைந்த பழைய வளவுகளைச் சூழ்ந்திருந்த கிடுகு வேலி பார்வையை மறித்தது. காற்றைக் கசிய விட்டது. கொழும்புக் கோட்டையில் 1997இல் திறக்கப்பட்ட உலக வர்த்தக மையத்தின் கண்ணாடிச் சுவரோ பார்வையை விடுகிறது, காற்றை மறிக்கிறது. ஒரே தீவில் ஒரே வெயிலின் கீழ் இவ்வாறு நேரெதிரான இரு விடைகள் தோன்றியமைக்குக் காரணம் அழகுணர்ச்சியின் வேறுபாடு அன்று. வரலாற்றின் வேறுபாடே ஆகும்.

கண்ணாடிச் சுவர் குளிர்நாட்டின் குழந்தை. 1851இல் இலண்டன் ஹைட் பூங்காவில் ஜோசப் பக்ஸ்ரன் எழுப்பிய பளிங்கு மாளிகை, செடி வளர்க்கும் கண்ணாடி இல்லங்களின் அனுபவத்திலிருந்து பிறந்தது. வெயில் அரிதான நாட்டில் வெயிலைச் சிறைப்பிடிப்பதே அத்தகைய இல்லங்களின் நோக்கம். பின்னர், 1885இல் சிக்காகோவில் வில்லியம் லி பாரன் ஜென்னி அமைத்த பத்து மாடிக் கட்டடத்தில், சுமையின் பெரும்பகுதியைச் சுவரிடமிருந்து உலோகச் சட்டகம் ஏற்றுக்கொண்டது. எலிஷா ஒட்டிஸின் பாதுகாப்பான மின்தூக்கிப் பொறிமுறை முன்னமே வந்திருந்தது. சுமை நீங்கியதும் சுவர் வெறும் போர்வையாயிற்று. போர்வை கண்ணாடியாகவும் இருக்கலாம் என்றாயிற்று. 1921இல் பேர்லினுக்கென மீஸ் வான் டெர் றோ வரைந்த முழுக் கண்ணாடிக் கோபுரம் கட்டப்படவேயில்லை. எனினும் அடுத்த நூறாண்டு நகரங்களின் தோற்றத்தை அந்த ஓவியம் தீர்மானித்துவிட்டது எனல் மிகையாகாது.

எனினும், கண்ணாடியின் இயல்பு எளிதில் ஏமாற்றக்கூடியது. சூரிய ஒளியை அது உள்ளே விடும். ஒளிபட்டுச் சூடேறிய தரையும் தளபாடமும் மீள வெளியிடும் வெப்பக் கதிர்களை அது வெளியே விடாது. 1933இல் பாரிஸில் லு கொர்பூசியே கட்டிய புகலிடமனை இதற்கு நல்ல சான்று. தெற்கு நோக்கிய பெரும் கண்ணாடிச் சுவரைத் திறக்க முடியாதவாறு அவர் அடைத்தார். குளிரூட்டும் கருவிக்குப் பணம் போதவில்லை. கோடை வந்ததும் உள்ளே இருத்தல் அரிதாயிற்று. பின்னர் அச்சுவரில் திறக்கும் சாளரங்களும் வெயில்மறைப்புத் தட்டுகளும் பொருத்த நேர்ந்தது. பாரிஸ் வெயிலுக்கே இந்நிலை என்பது நோக்கற்பாலது. அவரே பின்னர் நியூயோர்க்கில் ஐக்கிய நாடுகள் தலைமைச் செயலகத்துக்கு வெயில்மறைப்பு வேண்டும் என வாதிட்டார், அது ஏற்கப்படவில்லை. 1950இல் நிறைவுற்ற அக்கட்டடத்தின் நீண்ட கண்ணாடி முகங்கள் இரண்டும் கிழக்கையும் மேற்கையும் நோக்கி நின்றன. காலை வெயிலும் மாலை வெயிலும் நேரே புகும் அவ்வமைப்பைச் சாத்தியமாக்கியது, 1902இல் வில்லிஸ் கரியர் ஓர் அச்சகத்துக்கென அமைத்த குளிரூட்டும் முறையின் வளர்ச்சியே. அன்றுதொட்டுக் கண்ணாடிக் கோபுரம் என்பது உண்மையில் இரண்டு கட்டடங்கள்: கண்ணுக்குத் தெரியும் கோபுரம் ஒன்று, அதை வாழவைக்கும் மின்நிலையம் மற்றொன்று.

இத்தகைய கட்டடம் வெப்பநாடுகளுக்குப் பரவியது தேவையால் மட்டுமன்று. அது ஒரு பொருளாதார ஒழுங்கின் அடையாளமாகவும் வந்தது. இலங்கையில் 1977இன் திறந்த பொருளாதாரக் கொள்கைக்குப் பின்னரே கொழும்பின் வானம் விரைந்து மாறத் தொடங்கியது. 1987இல் இலங்கை வங்கியின் வட்டக் கோபுரமும், பத்தாண்டின் பின் வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்களும் எழுந்தன. வெளிநாட்டு முதலீட்டாளர் தமக்குப் பழகிய முகத்தையே இங்கும் காண விரும்பினர். அந்த முகம் கண்ணாடியாலானது.

வேறு வழி இருக்கவில்லையா? இருந்தது, அதுவும் கொழும்பிலேயே இருந்தது. 1976க்கும் 1978க்கும் இடையில் ஹைட் பார்க் சந்தியில் அரச ஈட்டு வங்கிக்கென ஜெப்ரி பாவா வடிவமைத்த 12 மாடிக் கட்டடம் பின்னர் மகாவலிக் கட்டடம் எனப் பெயர்பெற்றது. 1967 முதல் பாவாவின் பங்காளராக விளங்கிய பொறியியலாளர் பூலோகசுந்தரத்தின் பெயரும் இக்காலத்து ஆக்கங்களோடு சேர்த்து நினைக்கப்பட வேண்டியது; கட்டடக்கலைஞரைப் புகழ்வோர் பொறியியலாளரை மறந்துவிடுவது எங்கும் உள்ள வழக்கம். கட்டடத்தின் நீண்ட பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் நோக்கின. மத்தியகோட்டுக்கு அண்மையில் நண்பகற் சூரியன் தலைக்கு மேலே நிற்பதால் அப்பக்கங்களைச் சிறிய மறைப்பே காத்துவிடும். தாழ்ந்த வெயில் தாக்கும் கிழக்கும் மேற்கும் ஒடுங்கிய முனைகளாயின. சாளரங்களை அடைத்தாலும் காற்றுப் புகும் வழிகள் கைச்சுவரிலேயே விடப்பட்டன. மலேசியக் கட்டடக்கலைஞர் கென் யாங் இதனைக் காலநிலைக்கு இசைந்த உயர்மாடிக் கட்டடங்களின் முன்னோடியாகப் போற்றினார். இறக்குமதி நெருக்கடிக் காலத்தின் சிந்தனை அது. நெருக்கடி நீங்கியதும் சிந்தனையும் கைவிடப்பட்டது.

பாவாவின் கட்டடம் பன்னிரண்டு மாடிகளில் செய்ததை, கொடிகாமத்தின் நாற்சார் வீடு ஒரே தளத்தில் செய்தது. நடுமுற்றம் சூடேறிய காற்றை மேலே விட்டது. தாழ்வாரம் சுவரில் வெயில் படாமல் காத்தது. பனந்தீராந்தியும் சலாகையும் தாங்கிய கூரை முற்றத்தைச் சுற்றித் தணிந்து இறங்கியது. ஆயினும் இவ்வீட்டைப் புகழ்ந்து பாடுவோர் ஒன்றை மறத்தலாகாது. நாற்சார் வீடு நிலமுடையோரின் வீடு. அதைக் கட்டிய கைகளுக்குரியோர் பலர் மண்சுவரும் ஓலைக்கூரையும் கொண்ட குடில்களிலேயே வாழ்ந்தனர். திண்ணைவரை வரத்தக்கவர் யார், முற்றத்தோடு நிற்கவேண்டியவர் யார் என்பதையும் அவ்வீடு வரையறுத்தது. காற்றுக்குத் திறந்திருந்த வீடு மனிதருக்கு அவ்வளவு திறந்திருக்கவில்லை. எனவே, மீட்கத்தக்கது அதன் வெப்ப அறிவேயன்றி அதன் சமூக ஒழுங்கன்று.

அந்த அறிவின் பெறுமதியைப் போர் சோதித்தது. 1990களில் குடாநாடு பல்லாண்டுகள் மின்சாரமின்றி இருந்தது. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது, பாடசாலைகளும் கோவில் மண்டபங்களும் விறாந்தைகளும் மரநிழல்களும் இருப்பிடங்களாயின. அவை மின்சாரத்தை எதிர்பார்த்துக் கட்டப்பட்டவை அல்ல; ஆதலால் மின்சாரமின்றியும் மனிதரைத் தாங்கின. அடுத்த சனவரி 31ஆம் நாள், கொழும்பு மத்திய வங்கி மீது விடுதலைப் புலிகள் நடத்திய குண்டுத் தாக்குதலில் 90க்கு மேற்பட்டோர் மாண்டனர். சிதறிய கண்ணாடியால் கண்பார்வை இழந்தோரும் பலர். 1997 ஒக்ரோபரில் வர்த்தக மையம் திறந்து சில நாள்களிலேயே அதன் கண்ணாடிகளும் இன்னொரு குண்டுவெடிப்பில் நொருங்கின. தென்மராட்சியின் வீடுகளும் தப்பவில்லை. 2000ஆம் ஆண்டுச் சமரில் அவற்றுட் பல இடிபாடுகளாயின.

கோபுரத்தின் மின்சாரச் சார்பு வெளிப்பட மேலும் இருபதாண்டு சென்றது. 2022இன் பொருளாதார நெருக்கடியில் நாடளாவிய மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை நீண்டது. மின்பிறப்பாக்கிகளுக்கு வேண்டிய டீசலும் அருகிற்று. திறக்க முடியாத சாளரத்தின் பொருள் என்ன என்பது அப்போது தலைநகருக்கும் விளங்கியிருத்தல் வேண்டும். கொடிகாமத்தாருக்கோ அது முப்பதாண்டுப் பழைய பாடம்.

அதே 2022இல், யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கு அண்மையில் 11 மாடிக் கோபுரத்தோடு கூடிய கலாசார மையம் திறந்துவைக்கப்பட்டது. உயரம் குடாநாட்டுக்கும் வந்துவிட்டது. அது தவறன்று; நிலம் சுருங்கி நகரம் பெருகுமிடத்து மாடி உயரத்தான் செய்யும். நாற்சார் வீட்டை நாற்பது மாடிக்கு அடுக்கவும் இயலாது. ஆராயப்பட வேண்டியது உயரமன்று, முகமே. குடாநாட்டின் சிறு சந்திகளில்கூட இன்று இரண்டு மாடிக் கடைகள் கண்ணாடியும் அலுமினியமும் பூண்டு எழுகின்றன. கோபுரத்தின் உயரம் வராத இடத்துக்கும் அதன் தோல் வந்துவிடுகிறது.

கொடிகாமச் சந்தியே இதற்கு ஒரு தெளிவான வரைபடம் போன்றது. கண்டி வீதி அங்கு ஏறத்தாழக் கிழக்கு மேற்காகச் செல்கிறது. ஆகவே அதன் இருமருங்குக் கடைகளும் வடக்கையோ தெற்கையோ நோக்குகின்றன. ஒரு முழ அகலத் தாழ்வாரமும் உயரத்தே காற்றுவழியும் இருந்தால் அங்கு கண்ணாடி பெருந்தீங்கு செய்யாது. பருத்தித்துறை வீதியோ சந்தியிலிருந்து வடக்கே பிரிகிறது. அதன் கீழ்மருங்கில் எழும் கடையின் முகம் மேற்கு நோக்கும். பிற்பகல் மூன்று மணிக்குப் பின் அக்கண்ணாடியில் விழும் வெயிலுக்குத் தாழ்வாரமும் போதாது; நிலைக்குத்தான மறைப்போ, வாசலில் ஒரு மரமோ, அதுவும் இல்லையேல் ஒரு கிடுகுத் தட்டியோ வேண்டும்.