குதிரையும் கேமராவும்: நாலுகால் பாய்ச்சலுக்கு யார் சாட்சி?

இன்னிக்கு எபிசோடை ஒரு சின்ன வேலையோட ஆரம்பிக்கலாம். கையில பேனா இருந்தா, ஒரு குதிரை நாலுகால் பாய்ச்சல்ல ஓடுற மாதிரி ஒரு படம் வரைஞ்சு பாருங்க. பேனா இல்லைன்னா பரவாயில்லை, மனசுக்குள்ளயே வரையுங்க.

வரைஞ்சாச்சா? முன்னங்கால் ரெண்டும் முன்னாடி நீட்டி, பின்னங்கால் ரெண்டும் பின்னாடி நீட்டி, குதிரை அந்தரத்துல மிதக்குதா? அப்படின்னா நீங்க தப்பா வரைஞ்சிருக்கீங்க. ஆனா கவலைப்படாதீங்க, உங்களுக்கு நல்ல துணை இருக்கு. பிரெஞ்சு ஓவியர் தியோடோர் ஜெரிக்கோ குதிரைப் பித்துப் பிடித்தவர். அவர் 1821-ல் வரைந்த எப்சம் டெர்பி ஓவியம் இன்றும் பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் ஓடும் நாலு குதிரைகளும் இப்படித்தான் கால்களை விரித்துப் பறக்கின்றன. நிஜத்தில் எந்தக் குதிரையும் அப்படி ஓடுவதில்லை.

யோசிச்சுப் பாருங்க. மனுஷன் ஆயிரக்கணக்கான வருஷமா குதிரையை வளர்க்கிறான், அது மேல ஏறிப் போருக்குப் போறான், பந்தயம் கட்டுறான். ஆனா அது எப்படி ஓடுதுன்னு அவனுக்குத் தெரியலை. ஏன்னா நம்ம கண்ணுக்கு அந்த வேகம் இல்லை. கேமரா வந்த பிறகுதான் தெரிஞ்சது. அதுக்கப்புறம் குதிரையைப் பத்தி நாம நம்பிக்கிட்டிருந்த வேற விஷயங்களையும் கேமரா ஒவ்வொண்ணா உடைச்சது. முதல்ல குதிரையோட கால், அப்புறம் மேல உட்கார்ந்திருக்கிறவரோட முதுகு, கடைசியா குதிரையோட வாய். இன்னிக்கு இந்த மூணைப் பத்தியும்தான் பேசப்போறோம்.

முதல் கதை அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நடக்கிறது. லீலாண்ட் ஸ்டான்ஃபோர்ட் என்றொரு பெரும் பணக்காரர். ரயில்வே அதிபர், மாநிலத்தின் முன்னாள் ஆளுநர். பாலோ ஆல்டோவில் இவருக்குப் பெரிய குதிரைப் பண்ணை இருந்தது. அதே நிலத்தில்தான் இன்று ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஓடும் குதிரையின் நாலு கால்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்புமா என்பதுதான் இவருடைய கேள்வி. இதற்காக 25,000 டாலர் பந்தயம் கட்டினார் என்று ஒரு கதை சுத்திக்கிட்டே இருக்கும். கேட்க நல்லா இருக்கும், ஆனா அதுக்கு ஆதாரம் கிடையாது.

1872-ல் அவர் எட்வர்ட் மைபிரிட்ஜ் என்ற புகைப்படக்காரரை வேலைக்கு வைத்தார். மைபிரிட்ஜ் இங்கிலாந்தில் பிறந்து சான் பிரான்சிஸ்கோவில் பேர் வாங்கியவர். ஆனால் வேலை பாதியில் நின்றுபோனது. 1874-ல் தன் மனைவியின் காதலனை மைபிரிட்ஜ் சுட்டுக் கொன்றார். அடுத்த வருடம் நடந்த வழக்கில் நடுவர் குழு அது நியாயமான கொலை என்று சொல்லி அவரை விடுவித்தது. ஆமாம், அந்தக் காலத்து கலிபோர்னியா அப்படித்தான்.

1877-ல் ஆக்ஸிடென்ட் என்ற குதிரை ஓடும் படம் ஒன்றை அவர் வெளியிட்டார். யாரும் நம்பவில்லை. அந்தப் படத்தில் ஓவியரின் கை பட்டிருந்தது, அதனால் சந்தேகப்பட்டவர்கள் மேல் தப்பும் இல்லை. அதனால அடுத்த தடவை மைபிரிட்ஜ் வேற மாதிரி யோசிச்சார். 1878 ஜூன் 15 அன்று பத்திரிகையாளர்களைப் பண்ணைக்கே வரவழைத்தார்.

ஓடுபாதை ஓரமாக வரிசையாக 12 கேமராக்கள். எதிர்ப்பக்கம் வெள்ளைத் திரை. பாதையின் குறுக்கே மெல்லிய நூல்கள். குதிரை ஓடும்போது ஒவ்வொரு நூலாக இழுபட்டு அறுபடும். அறுபட்டதும் மின்சாரம் பாய்ந்து அந்தந்த கேமராவின் ஷட்டர் விழும். சாலி கார்ட்னர் என்ற குதிரை ஓடிய தொடருக்காக மைபிரிட்ஜ் அச்சிட்ட அட்டையில், கேமராக்களுக்கு இடையே 27 அங்குல இடைவெளி என்றும், ஒவ்வொரு படமும் 2,000-ல் ஒரு பங்கு நொடிக்கும் குறைவான நேரத்தில் எடுத்தது என்றும் போட்டிருக்கிறது. ஸ்டூடியோவில் ஒரு போட்டோவுக்குப் பல நொடி அசையாமல் உட்கார வேண்டிய காலம் அது.

அன்னிக்கு ஒரு விபத்து நடந்தது. ஓடும்போது சாலி கார்ட்னரின் சேணத்தை இழுத்துக் கட்டும் வயிற்றுப்பட்டை அறுந்துபோனது. பத்திரிகையாளர்கள் கண்ணெதிரே கண்ணாடித் தகடுகளைக் கழுவினபோது அறுந்த பட்டையும் படத்தில் இருந்தது. ஓவியர் யாரும் கை வைக்கவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

படங்கள் என்ன சொல்லின? நாலு கால்களும் தரையை விட்டு எழும்பும், ஸ்டான்ஃபோர்ட் நினைத்தது சரி. ஆனால் அது கால்கள் நீண்டிருக்கும்போது நடப்பதில்லை. நாலும் வயிற்றுக்கடியில் சுருண்டு கூடும்போதுதான் குதிரை அந்தரத்தில் இருக்கிறது. ஓவியர்கள் காலங்காலமாக வரைந்ததற்கு நேர் எதிர்.

நிறைய பேருக்கு அந்தப் படங்கள் பிடிக்கலை. அசிங்கமா இருக்கு, மடக்கிப் போட்ட நாற்காலி மாதிரி இருக்குன்னு தோணியிருக்கும். சிற்பி ரோடான் ஒரு படி மேலே போனார். ஓவியர்தான் உண்மையைச் சொல்கிறார், புகைப்படம்தான் பொய், ஏனென்றால் நிஜ வாழ்க்கையில் காலம் நிற்பதில்லை என்பது அவர் வாதம். அவர் உதாரணமாக எடுத்துக்கொண்டதே ஜெரிக்கோவின் அந்த எப்சம் குதிரைகளைத்தான். இந்த வாதத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில திரும்ப வரும்.

மைபிரிட்ஜுக்குக் கிடைத்த பலன் என்ன தெரியுமா? 1882-ல் 'தி ஹார்ஸ் இன் மோஷன்' என்ற புத்தகம் வந்தது. ஸ்டான்ஃபோர்டின் நண்பர் டாக்டர் ஸ்டில்மேன் எழுதியது. அடிப்படை முழுக்க மைபிரிட்ஜின் படங்கள். தலைப்புப் பக்கத்தில் அவர் பெயர் இல்லை. அப்போது லண்டனில் இருந்த மைபிரிட்ஜின் ஆய்வுக் கட்டுரையை வெளியிடவிருந்த ராயல் சொசைட்டி, புத்தகம் கைக்கு வந்ததும் பின்வாங்கியது. அவர் ஸ்டான்ஃபோர்ட் மேல் வழக்குப் போட்டுத் தோற்றார். காசு கொடுத்தவருக்குத்தான் படம் சொந்தம். இதையும் ஞாபகம் வச்சுக்கோங்க.

இனி ரெண்டாவது கதை, முதுகு. அமெரிக்காவிலிருந்து இத்தாலிக்குப் போவோம்.

பழைய படங்களில் குதிரை வேலி தாண்டும்போது மேலே இருப்பவரைப் பாருங்கள். பின்னால் நன்றாகச் சாய்ந்திருப்பார், கால்கள் முன்னால் நீண்டிருக்கும், கையில் லகானைப் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பார். அன்றைய குதிரைப்படைப் பள்ளிகள் சொல்லிக்கொடுத்ததே அப்படித்தான். பின்னால் சாய்ந்தால் முன்னங்கால்களில் பாரம் குறையும், குதிரை பின்னங்காலை ஊன்றி இறங்கும் என்று நம்பினார்கள்.

ஃபெடரிகோ காப்ரில்லி 1868-ல் பிறந்த இத்தாலியக் குதிரைப்படை அதிகாரி. சேணமும் ஆளும் இல்லாமல் குதிரைகளைத் தாண்ட விட்டுப் பார்த்தார், புகைப்படங்களையும் வைத்து ஆராய்ந்தார். குதிரை எப்போதும் முன்னங்காலில்தான் இறங்கியது. மைபிரிட்ஜ் பின்னாளில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் எடுத்து 1887-ல் வெளியிட்ட 781 தகடுகளிலும் தடை தாண்டும் குதிரைகள் உண்டு. அங்கேயும் இதே கதைதான். அதோடு, தாண்டும்போது குதிரை கழுத்தை முன்னால் நீட்டி முதுகை வளைக்கிறது. அந்த நேரத்தில் மேலே இருப்பவர் பின்னால் சாய்ந்து லகானை இழுத்தால் என்ன ஆகும்? வாயில் இருக்கும் இரும்பு பின்னுக்கு இழுபடும். சேணத்தோடு மொத்த உடம்பும் முதுகில் வந்து விழும்.

காப்ரில்லி எல்லாத்தையும் தலைகீழா மாத்தினார். அங்கவடியைக் குட்டையாக்கு, இடுப்பைச் சேணத்திலிருந்து தூக்கு, முன்னால் சாய், குதிரையின் வாய் போகிற இடத்துக்குக் கையும் போகட்டும். 1902-ல் டூரின் போட்டியில் மெலோப்போ என்ற குதிரையில் அவர் 2.08 மீட்டர் உயரம் தாண்டினார். 1907-ல், 39 வயதில், குதிரையிலிருந்து விழுந்து இறந்துபோனார். இன்று ஒலிம்பிக்கில் தடை தாண்டும் போட்டியைப் பார்க்கும்போது, எல்லாரும் முன்னால் குனிந்து கையை நீட்டுகிறார்கள் இல்லையா? அது அவர் விட்டுப்போனது.

இதுவரைக்கும் சந்தோஷமான கதைதான். கேமரா உண்மையைக் காட்டிச்சு, மனுஷன் திருந்தினான், குதிரைக்கு நல்லது நடந்தது. மூணாவது கதை அவ்வளவு சுலபமில்லை.

போட்டிகளில் படம் எடுப்பவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று முதலில் பார்ப்போம். தடை தாண்டும் போட்டியில் குதிரை உச்சிக்கு வரும் அந்தக் கணம்தான் எல்லாருக்கும் வேண்டும். முன்னங்கால் முட்டி நன்றாக மடங்கி, காது முன்னால் நிமிர்ந்து, மேலே இருப்பவர் பார்வை அடுத்த தடையில். டிரெஸ்ஸாஜ் என்ற நடைப் போட்டியில், எதிரெதிர் மூலைக் கால்கள் ஜோடியாக எழும்பும் கணம். ஷட்டர் வேகம் 1,000-ல் ஒரு பங்கு நொடி, அல்லது அதற்கும் குறைவு. குதிரை மிரளும் என்பதால் ஃபிளாஷ் போடக்கூடாது. இன்றைய கேமரா ஒரு நொடிக்கு 20 படம் எடுத்துவிடும். அன்று 12 கேமரா செய்த வேலையை இன்று ஒரே கேமரா செய்கிறது.

அந்த 20-ல் எது வெளியே வரும்? போட்டிகளில் படம் எடுப்பவர்களில் பலருக்கு வருமானமே போட்டியாளர்கள் வாங்கும் படங்களிலிருந்துதான். குதிரை வாயைப் பிளந்துக்கிட்டு நிக்கிற படத்தைக் காசு கொடுத்து யார் வாங்குவாங்க? அழகான ஒண்ணு விற்கும், மத்த 19-ம் ஹார்ட் டிஸ்க்கில தூங்கும். ஸ்டான்ஃபோர்ட் காலத்து விதி இன்னும் மாறலை.

சில கேமராக்கள் மட்டும் வேறு பக்கம் திரும்பின. 2009-ல் டென்மார்க்கின் ஓடென்ஸே நகரில் டிரெஸ்ஸாஜ் உலகக் கோப்பைப் போட்டி. போட்டி மைதானத்தில் இல்லை, பக்கத்தில் குதிரையைத் தயார் செய்யும் இடத்தில் எடுத்த வீடியோ ஒன்று இணையத்தில் வந்தது. தாடை நெஞ்சைத் தொடும் அளவுக்குக் கழுத்து மடங்கிய குதிரை. அதன் நாக்கு நீல நிறமாகி வாய்க்கு வெளியே தொங்கியது. இப்படிக் கழுத்தை மடக்கும் முறைக்கு 'ரோல்குர்' என்று பெயர். உலகம் முழுக்க கோபம் கிளம்பியது. 2010 பிப்ரவரியில் சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு சுவிட்சர்லாந்தின் லோசானில் கூட்டம் போட்டு, பலவந்தமாகக் கழுத்தை மடக்குவதை ஏற்க முடியாது என்று அறிவித்தது.

2024-ல் இன்னொன்று. 6 ஒலிம்பிக் பதக்கம் வென்ற பிரிட்டனின் ஷார்லட் டுஜார்டின் பாரிஸ் ஒலிம்பிக் தொடங்கும் நேரத்தில் போட்டியிலிருந்து விலகினார். ஒரு பயிற்சியின்போது குதிரையின் கால்களில் சாட்டையால் அவர் அடிக்கும் பழைய வீடியோ வெளியே வந்திருந்தது. அவர் மன்னிப்புக் கேட்டார். அவருக்கு ஒரு வருடத் தடையும் 10,000 சுவிஸ் ஃபிராங்க் அபராதமும் கிடைத்தன.

இந்த மாதிரி ஒரு படம் வெளியே வரும்போதெல்லாம் குதிரையேற்ற உலகம் சொல்ற பதில் ஒண்ணு உண்டு: 'அது ஒரு நொடி. ஒரு நொடியை வச்சுத் தீர்ப்பு சொல்லாதீங்க.' ரோடானோட வாதம் ஞாபகம் வருதா? காலம் நிக்கிறதில்லை, அதனால நிறுத்திக் காட்டுற படம் பொய்.

இந்தப் பதிலை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. 20 படங்களில் ஒன்றில் குதிரை கண்ணை உருட்டியிருக்கலாம். அது ஒரு ஈ உட்கார்ந்ததாலும் இருக்கலாம். ஒற்றைப் படத்தை வைத்து ஒருவரைக் கொடுமைக்காரர் என்று சொல்வது அநியாயம். ஆனால் இந்தத் தராசு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி நிற்கவேண்டும். அசிங்கமான ஒரு நொடி சாட்சி ஆகாதென்றால், அழகான ஒரு நொடியும் ஆகாது. கிளப் விளம்பரத்திலும் விருதுப் பலகையிலும் இருக்கும் படமும் அதே 1,000-ல் ஒரு பங்கு நொடிதானே?

மைபிரிட்ஜ் 1878-லேயே இதுக்கு வழி காட்டியிருந்தார். அவர் ஒரு படத்தை நம்பச் சொல்லலை. 12 படத்தை வரிசையா வச்சார். முன்னால என்ன, பின்னால என்னன்னு எல்லாரும் பார்க்கலாம். அறுந்த பட்டையையும் மறைக்கலை.

நீங்க எப்பவாவது ஒரு குதிரையேற்றப் போட்டிக்குப் போய்ப் படம் எடுத்தா, பர்ஸ்ட் மோடில் எடுங்க. முட்டி மடங்குற அந்த உச்சிக் கணம் கிடைக்கும். பிரிண்ட் போட்டு மாட்டுங்க. ஆனா மத்த ஃப்ரேமையும் உடனே அழிச்சிடாதீங்க, வரிசையா ஒரு தடவை பாருங்க. காது எந்தப் பக்கம் திரும்பியிருக்கு, மூக்குப்பட்டை எவ்வளவு இறுக்கமா இருக்கு, வாய் எத்தனை ஃப்ரேம்ல திறந்திருக்குன்னு பாருங்க. ஒண்ணுல மட்டும்னா விட்டுடலாம். 20-லயும் அப்படியே இருந்தா, அது ஒரு நொடி இல்லை.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.