புகை காத்த கருமை

ஜார்ஜ் டவுனில் கடற்கரைத் தெருவை ஒட்டி நாள்தோறும் வெயிலில் நிற்கும் மோட்டார் வண்டிகளைச் சற்றே உற்று நோக்குவோமாயின் ஓர் உண்மை புலனாகும். வண்டியின் வண்ணம் மங்காதிருக்கவும், கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் விளிம்பும் பம்பரின் நெகிழிப் பகுதியும் வெளிறிச் சாம்பல் பூத்திருக்கும். கைக்கு அகப்பட்ட எண்ணெயைப் பூசி அவற்றைக் கறுப்பாக்குவோர் பலர். சில மழைக்குள் பழைய வெளிறல் திரும்பிவிடுகிறது. அக்கருமை எங்கிருந்து வந்தது, ஏன் போயிற்று என்று அறிந்தாலன்றி அதனை மீட்கும் வழி விளங்காது. ஆராயப் புகுந்தால், நம் முன்னோர் உழைத்த தோட்டங்களுக்கே போய்ச் சேருகிறோம்.

ரப்பரின் தாயகம் அமேசான் காடு. அங்குள்ள மக்கள் மரத்தின் பாலைப் புகையில் காட்டி, அடுக்கடுக்காக உறையச் செய்து, கெடாமல் காத்தனர். 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்காம் ஏறத்தாழ 70,000 விதைகளைப் பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுசென்றார். மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. மரத்தைக் கொல்லாது பட்டையை மட்டும் சீவிப் பாலெடுக்கும் முறையை அங்குத் தாவரத் தோட்டத் தலைவராயிருந்த ரிட்லி வகுத்துக் காட்டினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையான செபராங் பிறையில் கரும்பு விளைந்த தோட்டங்கள் ரப்பருக்கு மாறின. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய தமிழர் பலர் அத்தோட்டங்களில் உழைத்தனர்.

காலைக் குளிர்ச்சியில் பால் நன்கு ஒழுகும். ஆதலின் பொழுது விடியுமுன்னரே வெட்டு தொடங்கும். சேர்த்த பாலில் நீரும் சிறிது அமிலமும் கலந்து உறையவைப்பர்; உறைந்ததை உருளைகளுக்கிடையே செலுத்தித் தகடாக்குவர்; தகட்டைப் புகைக்கூடத்தில் பல நாள் தொங்கவிடுவர். புகை தகட்டை உலர்த்துவதோடு பூஞ்சணம் பிடியாமலும் காக்கும். அமேசான் காட்டவர் கண்ட அதே காப்பு, இங்குத் தொழிற்கூட முறையாயிற்று.

மூன்றாவது புகை தொழிற்சாலையில் வந்தது. 1839இல் சார்லஸ் குட்இயர், கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் ரப்பர் வெயிலில் இளகாமலும் குளிரில் விறைக்காமலும் இருக்கும் எனக் கண்டார். எனினும் தொடக்க காலத்து மோட்டார்ச் சக்கரங்கள் வெளிறிய நிறத்தினவே, விரைவில் தேய்ந்துபோயின. 1904இல் இலண்டனைச் சார்ந்த சில்வர்டவுனில், புகைக்கரியைக் கலந்தால் ரப்பர் பெரிதும் உறுதிபெறும் என்பது அறியப்பட்டது. நம் வீடுகளில் கண்மை கூட்ட விளக்குப் புகையைப் பிடிப்பதில்லையா? எண்ணெயையோ வாயுவையோ போதிய காற்றின்றி எரித்து அவ்வாறே பிடிப்பதுதான் புகைக்கரி. அது ரப்பரை வலுப்படுத்துவதோடு, வெயிலின் புறஊதாக் கதிரைத் தானே ஏற்று உட்பொருளையும் காக்கிறது. ஆகவே அக்கருமை வெறும் சாயமன்று, ஒரு காப்பு.

இன்றைய கார்களின் கண்ணாடி விளிம்பு பெரும்பாலும் செயற்கை ரப்பர், பம்பர் நெகிழி. மரத்துப் பால் சக்கரங்களில் இன்றும் பங்கு வகிக்கிறது. ஆயினும் இவை யாவற்றுக்கும் கருமை தருவது அப்புகைக்கரியே. பல்லாண்டு வெயிலில் மேற்பரப்பின் மூலக்கூற்றுச் சங்கிலிகள் அறுபடுகின்றன. பரப்பு நுண்ணிய சொரசொரப்பாகி ஒளியைச் சிதறடிக்கிறது. அதனையே நாம் வெளிறல் என்கிறோம். எண்ணெய் பூசினால் அப்பள்ளங்கள் நிரம்பிக் கறுப்பாகத் தோன்றும். அறுந்த சங்கிலி கூடுவதில்லை.

இனி மீட்கும் முறை. முதலில் மென்மையான சோப்பு நீரால் கழுவி நன்கு உலர்த்துதல் வேண்டும். பின்னர் நீரை அடிப்படையாகக் கொண்ட சிலிகோன் பூச்சை மெல்லியதாகத் தேய்க்கலாம். பெட்ரோல், மண்ணெண்ணெய் ஆகியவற்றைத் தொடலாகாது. அவை மரத்து ரப்பரை ஊதிப் பருக்கச் செய்யும். முரட்டுத் துரிகையால் தேய்த்தலும் தவறு. மரத்து ரப்பரில் கலந்த மெழுகு மெல்ல மேலே கசிந்து, காற்றிலுள்ள ஓசோனால் வெடிப்பு உண்டாகாமல் காக்கிறது. அதனைச் சுரண்டுவது காப்பை நாமே அழிப்பதாகும். நெகிழியை வெப்பக் காற்றால் சூடேற்றிக் கறுப்பாக்குவோர் உளர், அந்நிறமும் நிலைப்பதில்லை. ரப்பரிலோ அம்முறை கூடவே கூடாது. வெடித்துவிட்ட விளிம்பை மாற்றுவதே நன்று. எல்லாவற்றினும் மலிவான மருந்து நிழல்.

நெகிழி என்னும் புதுச்சொல்லை ஆக்கியோர், அப்பொருளின் உயிரான நெகிழ்வையே பெயராக்கினர். முதுமையில் அது இழப்பதும் அதனையே. தோட்டத் தமிழரோ அதற்கும் முன்பே தம் சொற்களை ஆக்கிக்கொண்டனர். மரத்தைப் பால்மரம் என்றனர்; வெட்டிய கீற்றில் காய்ந்து ஒட்டிய பாலை ஒட்டுப்பால் என்றனர். செபராங் பிறைத் தோட்டங்களிற் பல இன்று செம்பனைக்கும் தொழிற்சாலைகளுக்கும் வீடுகளுக்கும் இடம் விட்டன. அங்கு வாழ்ந்த முதியோரும் அருகி வருகின்றனர். அவர் நாவிலுள்ள தொழிற்சொற்களைத் தமிழாசிரியர்கள் மாணவரைக் கொண்டு இப்பொழுதே கேட்டு எழுதுவித்தல் வேண்டும். வெளிறிய பின் பூசும் எண்ணெய் எதையும் மீட்பதில்லை என்பதை ரப்பரே நமக்குக் காட்டிவிட்டது.